நிமிர்ந்து நின்ற பெயர் அட்டை

வந்திருந்தவர்கள், அவர்கள் அமர்ந்திருந்த இடங்கள்:

மேஜை லாட வடிவம். வளைவின் நடுவில் தலைவர் ஹார்லன் டிட்மார்ஷ். அவருக்குப் பக்கத்தில் செயலாளர் ஜூன் ஒகாவா. ஜன்னலோரக் கையில் குழாய் தயாரிப்பாளர்கள் நால்வர், அவர்களில் முதல் நாற்காலி கிரெக் வாண்டர்ஹூஃப். சுவரோரக் கையில், தலைவரிடமிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், பிளம்பர் சங்கத்தார் மூவர், நான்காவது பரிசோதனைக்கூடப் பொறியாளர் ஆமோஸ் ட்ரேகர், ஐந்தாவதும் கடைசியுமாக, பொதுமக்கள் சார்பில் அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த திருமதி லுவேன் ஸ்டிக்னி.

துப்பறிவாளர் எர்னா ஹோல்கின் கூட்டக் குறிப்பேட்டின் இந்த முதல் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். துப்பறிய வருமுன் பத்தொன்பது ஆண்டுகள் ஃபீனிக்ஸ் நகரில் குழாய்ப்பணி ஆய்வாளராக இருந்தவள். மனிதர்களைவிடக் குழாய்கள் குறைவாகப் பொய் சொல்லும் என்பது அவள் அனுபவம்.

"கல்யாண விருந்துல கூட இவ்ளோ ஒழுங்கா உட்கார மாட்டாங்க, பாஸ்" என்றான் உதவியாளன் பிளங்கெட். வயது ஐம்பத்து மூன்று. முன்பு வானொலியில் கார் விளம்பரம் வாசித்தவன். "எல்லாம் சரி. இதுல கொலை எங்க இருக்கு?"

எதிரே அமர்ந்திருந்த திருமதி ஸ்டிக்னி தலை நிமிரவில்லை.

"கொலை ஜூலைல நடந்துச்சு" என்றார்.

பிளங்கெட் வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தினால் இவ்வளவுதான். மெஸ்கீட் பெண்ட் என்கிற, சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகளின் குடியிருப்பு. இருநூற்றுப் பதினான்கு வீடுகள், ஒரே கிணறு, ஒரே தொட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அரசு இலவசமாகத் தண்ணீர் சேமிக்கும் குழாய்களைப் பொருத்தியது. அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பதினான்கே மாதத்தில் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் இறுகிப்போய், எந்தக் குழாயையும் முழுதாக மூட முடியாமல் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் நூல் கனத்தில் ஓர் ஒழுக்கு. தண்ணீர் சேமிக்க வந்த குழாய்கள் போன ஜூலையில் தொட்டியை வற்ற வைத்தன. நான்கு நாள். வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரி. டிரெய்லர்களில் ஓடுவது தண்ணீர் விட்டால்தான் குளிரும் ஏர் கூலர். இரண்டாம் நாள் பிற்பகல், மூன்றாவது டிரெய்லரில் தனியாக இருந்த தன் தங்கை நாடின் உயிரற்றுக் கிடந்ததைத் திருமதி ஸ்டிக்னிதான் கதவைத் திறந்து பார்த்தார்.

இப்போது, தண்ணீரையும் பூமியையும் காக்கும் குழாய் எது என்று தீர்மானிக்கும் புதிய தரநிலையை இந்தக் குழு எழுதுகிறது. அதில் தேறுகிற குழாய்க்குப் பச்சை முத்திரை. பச்சை முத்திரை உள்ளதைத்தான் அரசு வாங்கும். ஜூன் மாதம் மெஸ்கீட் பெண்டில் மறுபடி பொருத்தும். வரைவின் ஆறாவது பிரிவில் மூன்றாம் விதி ஒன்று இருந்தது: எந்தக் குழாயையும் சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு லட்சம் முறை திறந்து மூடிச் சோதித்த பிறகே முத்திரை தர வேண்டும். மார்ச் மாதக் கூட்டத்தில் அந்த விதியை நீக்கிவிட்டார்கள்.

"நீக்க எத்தனை ஓட்டு வேணும்?" எர்னா கேட்டாள்.

"ஒன்பதுல ஆறு. சரியா ஆறுதான் விழுந்துச்சு. கம்பெனிக்காரங்க நாலு, பிளம்பருங்க ரெண்டு. மூணாவது பிளம்பரும் ட்ரேகரும் ஓட்டே போடல. வேணாம்னு போட்டது நான் மட்டும்."

"காரணம்?"

"'இந்தச் சோதனை அவசியம்னு காட்ட ஒரு புள்ளிவிவரமாவது இருக்கா'ன்னு வாண்டர்ஹூஃப் கேட்டார். யாரும் வாயத் திறக்கல. ஆனா புள்ளிவிவரம் இருந்துச்சு. ட்ரேகர் சனிக்கிழமை சனிக்கிழமையா தானே உட்கார்ந்து நாற்பது வால்வை சோதிச்சு வச்சிருந்தார். அன்னிக்குக் காலைல காபி ஊத்தற இடத்துல என்கிட்ட சொன்னார். 'இன்னிக்குப் பேசறேன், லுவேன். என் வேலை போனாலும் பேசறேன்'னார். அப்புறம் பேசல. இப்ப என் போனையும் எடுக்கறதில்ல. யாரோ அவர் வாய அடைச்சிருக்காங்க. அது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம். இன்று முப்பதாவது நாள். மாலை ஐந்து மணிக்குள் தபால் முத்திரை விழ வேண்டும். முடிவு தவறு என்று முறையிட முடியாது, கூட்டம் நடத்திய முறை தவறு என்றால் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது.

*

செயலாளர் ஜூன் ஒகாவா தன் அலுவலகத்தில் பேச மறுத்து, தெருமுனை டோனட் கடைக்கு வரச் சொன்னார்.

"முதல்லயே சொல்லிடறேன். நான் எந்தக் கட்சியும் இல்ல. செயலாளர்னா மேஜை மாதிரி."

"எந்த மேஜையும் டோனட் சாப்பிட்டு நான் பாத்ததில்ல, மேடம்" என்றான் பிளங்கெட்.

ஒகாவா சிரிக்கவில்லை என்றாலும் கைப்பையைத் திறந்தார். செய்தி மடலுக்காக அவர் எடுத்த இரண்டு புகைப்படங்கள். இரண்டும் தலைவர் பக்கத்திலிருந்து எடுத்தவை. முதலாவதில் மூலையில் நேரம் இரண்டு பதினொன்று, இரண்டாவதில் இரண்டு பன்னிரண்டு.

எர்னா முதல் படத்தில் விரலை வைத்தாள். "எல்லார் முன்னாடியும் கூடாரமா மடிச்ச பெயர் அட்டை நீளவாக்கில படுத்திருக்கு. ட்ரேகரோடது மட்டும் செங்குத்தா நிக்குதே?"

"பேசணும்னு கேக்கறார். நாங்க கை தூக்க மாட்டோம். அட்டைய நிமிர்த்தி வச்சா பேச இடம் கேக்கறதா அர்த்தம். தலைவர் வரிசையா கூப்பிடுவார், கூப்பிட்டதும் அட்டைய இறக்கிடணும். மனசு மாறிட்டா பழையபடி படுக்க வச்சிடலாம். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது."

"இது எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல. நாற்பது வருஷமா இப்படித்தான்."

பிளங்கெட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "பாஸ்! அட்டை நிக்குது. ஆனா குறிப்பேட்டுல ட்ரேகர் பேசினதா ஒரு வரி இல்ல. தலைவர் வேணும்னே தாண்டிப் போயிருக்கார். முறை தப்பு! நாம ஜெயிச்சாச்சு! ஒரு சாக்லேட் டோனட் சொல்லவா?"

"உட்காரு" என்றாள் எர்னா. "ரெண்டாவது படத்தப் பாரு."

இரண்டாவது படத்தில் ட்ரேகரின் அட்டை படுத்திருந்தது.

ஒகாவா ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து நீட்டினார். பேசக் கேட்டவர்களின் வரிசை. ஒன்று, வாண்டர்ஹூஃப். இரண்டு, பிளம்பர் சங்கம். மூன்று, ட்ரேகர். மூன்றாவதன் மேல் ஒரு கோடு.

"அட்டை இறங்கிடுச்சு, நான் அடிச்சேன். அவர் முறை வந்தப்போ அட்டை படுத்திருந்ததால தலைவர் கூப்பிடல. யார் இறக்கினாங்கன்னு பாக்கல, குனிஞ்சு எழுதிட்டிருந்தேன்." அவர் எழுந்தார். "குறிப்பு அச்சானதும் இந்த மஞ்சள் காகிதத்தயெல்லாம் கிழிச்சுடறது வழக்கம். இது ஒண்ணு தப்பிடுச்சு. நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இது இருந்ததா ஞாபகமே இல்ல."

அவர் போன பிறகும் எர்னா இரண்டாவது படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாண்டர்ஹூஃப் எட்டி இறக்கியிருப்பானோ?" என்றான் பிளங்கெட்.

"நடுவுல பத்தடி இடைவெளி. அவன் கை என்ன தீயணைப்பு ஏணியா?"

"அப்ப பக்கத்துல இருந்த பிளம்பர். பிளம்பர்னாலே எனக்கு எப்பவும் சந்தேகம்தான், பாஸ். உங்களத் தவிர."

எர்னா படங்களை அடுக்கிக் கைப்பையில் வைத்தாள். அவள் முகத்தில் எதையோ கண்டுபிடித்த களை இல்லை. எதையோ கண்டுபிடித்திருக்க வேண்டாமே என்கிற வாட்டம் இருந்தது.

*

பரிசோதனைக்கூடத்தில் ஒரு சுவர் நீளத்துக்குக் குழாய்கள் வரிசையாக இருந்தன. இரும்புக் கைகள் அவற்றைத் திறந்து மூடி, திறந்து மூடி, நிறுத்தாமல் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஓடியது சுண்ணாம்பில்லாத நல்ல தண்ணீர். ஆமோஸ் ட்ரேகர் அவற்றுக்கு நடுவே நின்று மதிய உணவைத் தின்றுகொண்டிருந்தார். ரொட்டியில் சுருட்டிய மிளகாய் பரிட்டோ. ஒல்லியான மனிதர்.

"உங்க அட்டைய யார் படுக்க வச்சாங்க, மிஸ்டர் ட்ரேகர்?"

"நான்தான்." யோசிக்காமல் வந்தது பதில். ஒரு மாதமாகத் தயாராக வைத்திருந்த பதில்.

எர்னா இரண்டாவது படத்தை அவர் முன் வைத்தாள். "அட்டைல ஒரு பக்கம்தான் பெயர் அச்சடிச்சிருக்கு. தலைவருக்குத் தெரியற மாதிரி வெளிப்பக்கம் பாத்து வைப்பாங்க. இந்தப் படத்துல ஒன்பது அட்டை. ஏழுல பெயர் தெரியுது. ரெண்டுல வெறும் வெள்ளை முதுகு. பெயர் உட்கார்ந்திருக்கறவங்களப் பாத்து இருக்கு, கல்யாண விருந்துல வைக்கற மாதிரி. அந்த ரெண்டுல ஒண்ணு உங்களோடது. பதினெட்டு வருஷமா இந்தக் குழுவுல இருக்கற ஆள், தன் பெயரத் தனக்கே காட்டி வச்சுக்குவாரா?"

ட்ரேகர் பரிட்டோவை மடித்து வைத்தார்.

"இன்னொரு வெள்ளை முதுகு யாரோடது பாஸ்?" பிளங்கெட் படத்தின் மேல் குனிந்து, சுவரோரக் கையை விரல்விட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று பிளம்பர். நான்கு ட்ரேகர். ஐந்து.

அவன் விரல் ஐந்தாவதிலேயே நின்றுவிட்டது.

"இது... நம்ம கட்சிக்காரம்மா."

இரும்புக் கைகள் டக் டக்கென்று அடித்தன.

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார் ட்ரேகர். "சத்தியமா, நான் சொல்றதா இல்ல. அட்டைய நிமிர்த்தறப்போ தண்ணி கிளாஸ்ல இடிச்சுட்டேன். பதினெட்டு வருஷத்துல நான் அட்டைய நிமிர்த்தினதே நாலு தடவதான். அதுல மூணு, ஏசி குறைக்கச் சொல்லி. திடீர்னு அவங்க கை வந்துச்சு. அட்டைய எடுத்து மெதுவா படுக்க வச்சாங்க. என்னப் பாத்து சிரிச்சு, கையத் தட்டிக் குடுத்து, 'இப்ப சரியாயிடுச்சு'ன்னாங்க. காலைலதான் அவங்ககிட்ட வேலை போயிடும்னு சொல்லியிருந்தேன். இந்தக் கூடமே குழாய்க் கம்பெனிங்க தர்ற சோதனையிலதான் ஓடுது. ஓய்வுக்கு எனக்கு ரெண்டு வருஷம் பாக்கி. சரி, இந்தம்மா மனசு இரங்கி என்னய விட்டுடறாங்கன்னு நினைச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அதத்தான் என்னால தாங்க முடியல. போன எப்படி எடுப்பேன்?"

"அந்த நாற்பது வால்வு?" எர்னா கேட்டாள்.

"மறுவாரமே பழைய பித்தளையோட எடைக்குப் போயிடுச்சு. நான் எழுதி வச்சதையும் மேலிடத்துல வாங்கிட்டாங்க. நாற்பதுல முப்பத்தொண்ணு இறுகிப் போச்சு. அது என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீங்க, மிஸ் ஹோல்கின். அன்னிக்கு வந்த தைரியம் இருக்கே..." அவர் குழாய்களைப் பார்த்தார். "கேட்டப்பல்லாம் வர்ற சாமான் இல்ல அது."

*

காரில் பத்து மைல் வரை பிளங்கெட் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தான். பதினோராவது மைலில் ஆரம்பித்தான்.

"பாஸ், நான் முப்பது வருஷம் ஓடாத காரையெல்லாம் ஓடும்னு சொல்லி வித்தவன். ஒரு யோசனை சொல்லவா? மஞ்சள் காகிதம் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. ரெண்டாவது படம் செய்தி மடல்ல வரல. முதல் படத்த மட்டும் அனுப்புவோம். அட்டை நிக்குது, தலைவர் கூப்பிடல. மறுபடி கூட்டம், மறுபடி ஓட்டு. ஒரே ஒரு பிளம்பர் மனசு மாறினா போதும்."

"அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தம்மா ஏற்கெனவே சுமக்கறது போதாதா?"

எர்னா சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். "யார் வாயடைச்சாங்கன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க, பிளங்கெட். கண்டுபிடிச்சுட்டோம்."

மணி மூன்று பத்துக்குத் திருமதி ஸ்டிக்னி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எர்னா இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, அட்டை வழக்கத்தை விளக்கி, ட்ரேகர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிளங்கெட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருமதி ஸ்டிக்னி இரண்டாவது படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது விழப் போகுதுன்னு நினைச்சேன்" என்றார். "பக்கத்துல தண்ணி கிளாஸ் இருந்துச்சு. கை தவறி நிமிர்த்திட்டார் போலன்னு. பள்ளிக்கூட சாப்பாட்டு ஹால்ல இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்தவ நான். கோணலா எது இருந்தாலும் என் கை தானா போயிடும். பாவம், பதற்றமா இருக்கார்னு கையத் தட்டிக் குடுத்தேன்." படத்திலிருந்த அட்டைமேல் விரலை வைத்தார். "அவர் பேசுவார் பேசுவார்னு அவர் முகத்தையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

எர்னா ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். அவர் தொடவில்லை.

"முதல் படத்த மட்டும் அனுப்பலாம்" என்றான் பிளங்கெட், திரும்பாமலே. "வழி இருக்கு, மேடம்."

"அப்ப அனுப்புங்க." அவர் குரல் உயர்ந்தது. "இருநூத்திப் பதினாலு வீடு. அனுப்புங்க! என் பேர்ல ஒரு பொய்தானே? இருந்துட்டுப் போகட்டும்."

"அனுப்பலாம்" என்றாள் எர்னா. "விசாரணைல முதல்ல ட்ரேகரத்தான் கூப்பிடுவாங்க. 'அட்டை நின்னுச்சா, படுத்துச்சா'ன்னு கேப்பாங்க. அவர் உண்மையச் சொன்னா உங்க முறையீடு அங்கேயே முடிஞ்சுது. பொய் சொன்னா, 'என்ன பேச இருந்தீங்க'ங்கறது அடுத்த கேள்வி. அவர் வேலையும் போகும். அதுக்கு மேல, பழி தலைவர் டிட்மார்ஷ் தலைல விழும். அந்த மனுஷன் நமக்கு ஒரு தப்பும் செய்யல."

"உண்மைய எழுதினா?"

"ரெண்டு வரில பதில் வரும். 'மேல்முறையீட்டுக்கு முகாந்திரம் இல்லை.' அடுத்த திருத்தம் அஞ்சு வருஷம் கழிச்சு."

"ஜூன்ல குழாய் மாட்ட வருவாங்க."

"வருவாங்க."

திருமதி ஸ்டிக்னி கையை நீட்டினார். எர்னாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பேனாவைக் கொடுத்தாள்.

அவர் எழுத நாற்பது நிமிடம் ஆனது. பள்ளியில் கற்றுத்தந்த கோணாத எழுத்து. வலது மூலையில் தேதி. தலைவர் தவறு எதுவும் செய்யவில்லை. இரண்டு மணி பதினோரு நிமிடத்துக்கு நிமிர்ந்து நின்ற ஓர் அட்டையை, வழக்கம் தெரியாமல், நானே படுக்க வைத்தேன். அடுத்த பத்தியில் மெஸ்கீட் பெண்ட்: எத்தனை வீடு, எத்தனை மாதத்தில் எந்த வால்வு இறுகியது, தொட்டி எந்தத் தேதியில் வற்றியது, எந்தத் தேதியில் நிறைந்தது, நாடின் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி என்ன. ஒரு விதியை நீக்குமுன் இதையும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எர்னா படித்துப் பார்த்தாள். "நாற்பது வால்வப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"அவர் என்ன சொல்ல இருந்தார்ங்கறத அவர்தான் சொல்லணும். ஒரு தடவ அவருக்குப் பதிலா நான் முடிவு பண்ணினது போதும்."

"இருந்த ஒரே ஆதாரமும் போச்சு" என்றான் பிளங்கெட். கிண்டல் இல்லாத குரல் அவனுக்கே பழக்கமில்லாமல் கரகரத்தது. "அப்ப இத எதுக்கும்மா அனுப்பறோம்?"

"அடுத்த ஜூலைல மறுபடி யார் வீட்டுக் கதவையாவது திறப்பாங்க. அப்ப கோட்டு போட்ட ஒருத்தர் வந்து, 'எங்களுக்கு யாரும் சொல்லலயே'ன்னு சொல்லுவார். சொன்னதுக்கு ஒரு தேதி இருக்கட்டும்."

எர்னா அதோடு இரண்டு படங்களையும் மஞ்சள் காகிதத்தையும் சேர்த்து உறைக்குள் வைத்தாள். ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, முழங்கையால் அழுத்தித் தேய்த்தார் திருமதி ஸ்டிக்னி.

தபால் நிலையத்தில் அவர்களுக்கு முன் ஆறு பேர். முறை வந்தபோது நான்கு ஐம்பத்தைந்து. கவுன்ட்டரில் இருந்தவர் உறையை எடை போட்டு, திரையைப் பார்த்தபடி, நாளெல்லாம் கேட்டுச் சலித்த கேள்வியைக் கேட்டார்.

"உடையக்கூடியது, திரவம், கெட்டுப் போகக்கூடியது, ஆபத்தானது ஏதாவது உள்ள இருக்கா?"

திருமதி ஸ்டிக்னி தராசில் இருந்த உறையைப் பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"இல்லைங்க" என்றார். "வெறும் காகிதம்தான்."

முத்திரை விழுந்தது. கவுன்ட்டர்க்காரர் உறையைப் பின்னால் இருந்த சாம்பல் நிறத் தொட்டிக்குள், பார்க்காமலே எறிந்தார்.